பால் ஆலையிலிருந்து ஏலூருக்கு: ப்ராசஸ் எஞ்சினியர் நேர்காணலுக்குத் தயாராவது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோவையில் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் இரண்டு ஆண்டுகளாக ஷிஃப்ட் எஞ்சினியராக இருக்கிறார். கொச்சியை அடுத்த ஏலூர்ப் பகுதியில் ஓர் இரசாயன ஆலையிலிருந்து ப்ராசஸ் எஞ்சினியர் பதவிக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. மூன்று வாரம் இருக்கிறது. பாலைச் சூடாக்கிக் குளிர வைத்த அனுபவத்தோடு அங்கே எப்படிப் போய் உட்காருவது, எந்தப் புத்தகங்களைப் படிப்பது, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவனுக்கு ஆங்கிலம் தடுமாறினால் என்ன செய்வது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் வேலந்தாவளத்துக்காரன். களமசேரி, ஏலூர், அம்பலமுகள் வட்டாரத்து ஆலைகளில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அவற்றில் கடைசிப் பத்தாண்டுகள் மேசையின் மறுபக்கத்தில், கேள்வி கேட்பவர்களில் ஒருவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, தம்பி, நீங்கள் புத்தகத்திலிருந்து தயாரிப்பைத் தொடங்க வேண்டாம் என்பதுதான். உங்கள் ஆலையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ஆண்டு அனுபவத்தோடு வருபவரிடம் எந்த நேர்காணல் குழுவும் முதலில் கேட்பது, "உங்கள் ஆலையின் பி.எஃப்.டி.யை (ஓட்ட வரைபடத்தை) இந்தத் தாளில் வரைந்து காட்டுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். அடுத்த நாற்பது நிமிடக் கேள்விகளும் அந்தத் தாளிலிருந்தே கிளம்பும். அதில் ஓட்டத்தின் அளவும் வெப்பநிலையும் அழுத்தமும் குறித்திருந்தால் பேச்சு நீங்கள் அறிந்த நிலத்திலேயே நடக்கும். வெறும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக இருந்தால், கேட்பவர் வேறு வழியின்றிப் பாடப்புத்தகத்துக்குத் தாவிவிடுவார். அங்கே நேற்றுத்தான் கல்லூரியை விட்டு வந்த பையன் உங்களை விட நன்றாகவே பதில் சொல்வான்.

பால் ஆலை அனுபவம் மட்டமானது என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் ஒரு பாஸ்சரைசரில் வேதிப் பொறியியலின் பாதிப் பாடம் இருக்கிறது என்பதை ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்; இதே கணக்கை உங்கள் ஆலையின் உண்மையான எண்களை வைத்து நீங்கள் திரும்பப் போட வேண்டும்.

மணிக்கு 10,000 லிட்டர் பாலை 4 டிகிரியிலிருந்து 72 டிகிரிக்குச் சூடாக்குகிறோம் என்று கொள்வோம். லிட்டருக்கு 1.03 கிலோ என்றால் 10,300 கிலோ. பாலின் வெப்ப எண் கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.9 கிலோஜூல். 68 டிகிரி உயர்வுக்கு மணிக்கு சுமார் 27.3 லட்சம் கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 760 கிலோவாட் தேவை. 3 பார் கேஜ் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 3 பார்) நீராவியின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2,133 கிலோஜூல். ஆகவே நீராவியை மட்டும் நம்பினால் மணிக்கு ஏறத்தாழ 1,280 கிலோ செலவாகும். ஆனால் சூடான பாலைக் கொண்டே குளிர்ந்த பாலைச் சூடாக்கும் ரீஜெனரேஷன் பகுதி 90 சதவீத வெப்பத்தை மீட்டுக் கொடுத்துவிடுவதால் நீராவி தர வேண்டியது 76 கிலோவாட்தான், அதாவது மணிக்கு 128 கிலோ. திரும்பி வரும் பால் ரீஜெனரேஷனை விட்டு 10.8 டிகிரியில் வெளியேறும். அதை 4 டிகிரிக்கு இறக்க வேண்டிய குளிர்ச்சிச் சுமையும் அதே 76 கிலோவாட், ஏறத்தாழ 21.6 டன் குளிர்ச்சி.

இதில் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் இடம் ஒன்று உண்டு. தட்டுகளில் படிவு சேர்ந்து ரீஜெனரேஷன் 90லிருந்து 85 சதவீதமாகக் குறைகிறது என்று வையுங்கள். கேட்கும்போது ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மீளாத பங்கு 10லிருந்து 15 ஆகிவிட்டது. நீராவிச் செலவு ஒன்றரை மடங்கு, குளிர்ச்சிச் சுமையும் ஒன்றரை மடங்கு. பாய்லர்காரரும் அமோனியா கம்ப்ரஸர் ஆப்பரேட்டரும் ஒரே நாளில் புகார் செய்தால் காரணத்தைத் தேட வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவிலுள்ள தட்டு வெப்பமாற்றிதான் என்பதை, எந்தச் சூத்திரத்தையும் எழுதாமல் இரண்டு வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியும். ஒரு ஆலையின் ஒரு மூலையில் நடப்பது இன்னொரு மூலையில் எப்படித் தெரியவரும் என்று யோசிக்கும் ஆளைத்தான் ப்ராசஸ் எஞ்சினியர் வேலைக்குத் தேடுகிறார்கள்.

அதே பாஸ்சரைசரில் இன்னும் தோண்டலாம். 72 டிகிரியில் 15 விநாடி பிடித்து வைக்கும் ஹோல்டிங் குழாய் உண்மையில் ஒரு குழாய் ரியாக்டர். மணிக்கு 10,000 லிட்டர் என்றால் 15 விநாடிக்கு ஏறத்தாழ 42 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 48 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் அது சுமார் 23 மீட்டர் நீளம், வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர். ரெனால்ட்ஸ் எண் லட்சத்தைத் தாண்டுவதால் ஓட்டம் கொந்தளிப்பானது. அப்படியிருந்தும் குழாயின் நடுவே ஓடும் பால் சராசரியை விடச் சற்று முன்பாகவே வெளியே வந்துவிடும். 15 விநாடி என்பது அந்த வேகமான துளிக்கும் கிடைக்க வேண்டுமாகையால் குழாய் கணக்கை விடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். ரியாக்டர்களில் தங்கும் நேரத்தின் பரவல் என்று நீங்கள் படித்த பாடம் இதுதான்.

ரீஜெனரேஷன் பகுதியில் பாஸ்சரைஸ் செய்த பாலின் பக்கத்து அழுத்தத்தைப் பச்சைப் பாலின் பக்கத்தை விடக் கூடுதலாக வைத்திருப்பீர்கள். தட்டில் ஓட்டை விழுந்தால் சுத்தமான பால் பச்சைப் பாலுக்குள் போகலாமே தவிர, பச்சைப் பால் சுத்தமான பாலுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக. இரசாயன ஆலையில் "இந்த வெப்பமாற்றியில் குழாய் ஓட்டையானால் எது எதற்குள் போகும்" என்பது அன்றாடக் கேள்வி. விடை தெரிந்துகொண்டே நீங்கள் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்திருக்கிறீர்கள். வெப்பநிலை குறைந்தால் பாலைத் திருப்பியனுப்பும் டைவர்ஷன் வால்வைப் பாருங்கள். வால்வை இயக்கும் காற்று போனாலும் மின்சாரம் போனாலும் அது பாலை முன்னே விடாது, பேலன்ஸ் டேங்க்குக்கே திருப்பும். இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு, வெப்பம் உமிழும் ரியாக்டரின் குளிர்நீர் வால்வு காற்று போனால் திறந்த நிலைக்கும், நீராவி வால்வு மூடிய நிலைக்கும் போக வேண்டும் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாலின் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கும் ஹோமோஜெனைசர் ஒரு பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் பம்ப். அதன் வெளிவழியை மூடினால் என்ன ஆகும், சென்ட்ரிஃபியூகல் பம்பின் வெளிவழியை மூடினால் என்ன ஆகும் என்ற பழைய கேள்வியும் உங்கள் ஆலைத் தளத்திலேயே கிடக்கிறது. அமோனியாவைக் குளிரூட்டியில் வைத்திருக்கும் ஆலையில் வேலை செய்தவர், அமோனியாவை ஆயிரக்கணக்கான டன்னில் கையாளும் ஊருக்குப் போகும்போது கூச்சப்பட வேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது பம்ப். எந்த நேர்காணலிலும் பம்பைப் பற்றிக் கேட்காமல் விட்டதாக எனக்கு நினைவில்லை. மணிக்கு 50 கன மீட்டர் தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு அனுப்ப எவ்வளவு சக்தி தேவை என்று கேட்டால் கால்குலேட்டரைத் தேடாமல் "நீருக்குக் கொடுக்கும் சக்தி ஐந்தரை கிலோவாட், 65 சதவீதத் திறன் என்றால் தண்டில் எட்டரைக்குச் சற்றுக் குறைவு, 11 கிலோவாட் மோட்டார் போடுவேன்" என்று சொல்ல வர வேண்டும். அதே ஓட்டத்துக்கு மூன்று அங்குலக் குழாயில் விநாடிக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர் வேகம், நான்கு அங்குலத்தில் 1.7, உறிஞ்சும் பக்கத்துக்கு நான்கும் சிறிதுதான் என்று யோசிக்கத் தெரிய வேண்டும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் ஓட்டம் பத்து சதவீதமும், ஹெட் (தூக்கும் உயரம்) 19 சதவீதமும், சக்தி 27 சதவீதமும் குறையும் என்பதும் அப்படியே நாவில் நிற்க வேண்டும்.

ஆனால் பம்பில் ஆளை எடைபோடுவது என்.பி.எஸ்.எச்., அதாவது பம்புக்குள் நீர் ஆவியாகாமல் இருக்க உறிஞ்சும் பக்கத்தில் மிஞ்சியிருக்க வேண்டிய அழுத்தம், என்ற ஒரு கேள்விதான். இதில் நானே சறுக்கியிருக்கிறேன், அதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஓர் ஆலையில் கன்டென்சேட் (குளிர்ந்து நீரான நீராவி) பம்ப் ஒன்று கூழாங்கல்லை அரைப்பது போல் சத்தம் போட்டது. ஸ்ட்ரெய்னரைக் கழற்றினேன், இம்பெல்லரை மாற்றினேன், பேரிங்கை மாற்றினேன். இரண்டு வாரத்தில் திரும்பவும் அதே சத்தம். பம்பை வாங்கியதே தவறு என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். ஒரு மூத்த ஆப்பரேட்டர்தான் என் தோளைத் தொட்டு, "சாரே, டேங்க் சூட்டைப் பார்த்தீர்களா" என்று கேட்டார். வழக்கமாக 85 டிகிரியில் இருக்க வேண்டிய கன்டென்சேட் 95 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. 85 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 57.8 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் அது போக மிஞ்சுவது 4.6 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். 95 டிகிரியில் ஆவியழுத்தம் 84.5 ஆகிவிடுவதால் மிஞ்சுவது 1.8 மீட்டர்தான். பத்து டிகிரிக்குப் பின்னால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஹெட் காணாமல் போயிருந்தது. சூடு ஏன் ஏறியது என்று பின்னோக்கிப் போனால், இரண்டு கட்டடம் தள்ளி நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் ட்ராப்கள் ஐந்தாறு பழுதாகி, நீராவியே கன்டென்சேட் வழியில் வந்துகொண்டிருந்தது. ட்ராப்களை மாற்றியதும் பம்ப் அமைதியானது. என் அறிக்கையை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இந்தக் கதையை நீங்கள் சொல்லக் கூடாது, இது என்னுடையது. ஆனால் உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். "நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்" என்ற கேள்வி நிச்சயமாக வரும். அப்போது முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், அது ஏன் தவறாயிற்று, எந்த அளவீடு உங்களை வேறு பக்கம் திருப்பியது, முடிவில் என்ன மாறியது, அது மாறியதற்கு எந்த எண் சாட்சி என்ற வரிசையில் சொல்லுங்கள். தவறாகத் தொடங்கியதை மறைக்க வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே சரியான காரணத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவரை நான் நம்பியதில்லை, மற்றவர்களும் நம்புவதில்லை. இன்னொன்று, "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பது தெரியாது. "நான் அளந்தேன், ஆப்பரேட்டர் சொன்னார், மெயின்டனன்ஸ் மாற்றியது" என்று பிரித்துச் சொல்வதே நேர்மையும் பலனும் தருவது.

நம் பக்கத்துக்காரர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மார்ச் மாதம் பாலக்காட்டில் 40 டிகிரி வெயில், கொச்சியில் 32 டிகிரி. ஒரே மாதிரியான கூலிங் டவரை இரண்டு ஊரிலும் வைத்தால் எங்கே தண்ணீர் அதிகம் குளிரும்? பெரும்பாலோர் கொச்சி என்பார்கள். கணவாய் வழியே வரும் காற்றின் வறட்சியைத் தோலில் உணர்ந்து வளர்ந்தவரே அப்படிச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். டவருக்குத் தெரிவது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை மட்டும்தான். 40 டிகிரியில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரி. 32 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 28 டிகிரி. ஆகவே பாலக்காட்டு டவர் நான்கு டிகிரி வரை குளிர்ந்த நீரைக் கொடுக்க வாய்ப்புண்டு, கூடவே அதிக நீரை ஆவியாகவும் இழக்கும். பானைத் தண்ணீர் வெயில் காலத்தில்தான் சில்லென்று இருக்கும் என்பது நம் வீட்டுக் கிழவிக்கும் தெரியும். நேர்காணலில் அதை ஈரக்குமிழ் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பாதுகாப்பைப் பற்றிய கேள்விகளுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏலூர் பெரியாற்றங்கரையில், வீடுகளுக்கு நடுவே இரசாயன ஆலைகள் நிற்கும் ஊர். அங்கே ஒருவரை ப்ராசஸ் எஞ்சினியராக எடுப்பவர் அவருடைய கணக்குப் புலமையை விட அவருடைய அச்ச உணர்வையே கூர்ந்து பார்ப்பார். மூன்று விபத்துகளை அவற்றின் இயக்கத்தோடு தெரிந்து வைத்திருங்கள். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் விரிசல் கண்ட ஒரு ரியாக்டரை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் தற்காலிக பைபாஸ் குழாய் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்கு முறையான வரைபடம்கூட இல்லை, பட்டறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். அது பிய்ந்து சைக்ளோஹெக்ஸேன் மேகமாகப் பரவி வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். ஆலையில் ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் அதை ஆராய்ந்து எழுத்தில் ஒப்புதல் பெறும் முறை இன்று இரசாயன ஆலைகளில் பரவலாக இருப்பதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். 1984 டிசம்பர் 2, 3 இரவில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. குளிரூட்டி நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பர் தயார் நிலையில் இல்லை, வாயுவை எரிக்கும் ஃபிளேர் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அடுக்கடுக்காக வைத்த காவல்கள் அத்தனையும் ஒரே இரவில் இல்லாமல் போயின. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஊரடங்கால் நின்றிருந்த ஆலையில் ஸ்டைரீன் தொட்டி தானாகச் சூடேறி வினைபுரிந்து ஆவியாகப் பரவியது. ஓடாமல் நிற்கும் ஆலையும் ஆபத்தானதுதான் என்பதை அது காட்டியது.

இவற்றைத் தேதி மாறாமல் ஒப்பித்தால் மட்டும் போதாது. "உங்கள் பால் ஆலையில் தற்காலிகமாகப் போட்ட பைபாஸ் ஏதாவது உண்டா, அதை யார் ஒப்புக்கொண்டார், எப்போது எடுத்தார்கள்" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அமோனியா கசிந்தால் நீங்கள் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள் என்றும் கேட்பார்கள். ஆபத்து வந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கை பைபாஸ் செய்யச் சொல்லி மேலாளர் தொலைபேசியில் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "செய்ய மாட்டேன்" என்று வீரமாகச் சொன்னவர்களுக்கும் "சொன்னால் செய்துதானே ஆக வேண்டும்" என்றவர்களுக்கும் நான் மதிப்பெண் போடவில்லை. "எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அந்த நேரத்துக்கு மாற்றுக் காவல் என்ன என்பது முடிவாக வேண்டும், லாக் புத்தகத்தில் ஏற வேண்டும், அதுவரை ஆலையைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோவேன்" என்று சொன்ன ஒரு பெண்ணை எடுத்தோம்.

போகும் ஆலையைப் பற்றியும் சிறிது படித்துவிட்டுப் போங்கள், ஆனால் இணையதளத்தின் முகப்பில் உள்ள பெருமைகளை அல்ல. என்ன மூலப்பொருள், எங்கிருந்து வருகிறது, எது உடன்விளைபொருள் என்று பாருங்கள். உத்யோகமண்டலில் ஃபாக்ட் உர ஆலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அமோனியாவுக்குத் தேவையான வாயுவை விறகிலிருந்து எடுத்தார்கள்; பிறகு நாப்தா வந்தது, இப்போது இயற்கை வாயு. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருப்பவர், மூலப்பொருள் மாறும்போது ஆலையின் முன்பகுதி எப்படியெல்லாம் மாற வேண்டியிருக்கும் என்று தானாகவே யோசிக்கத் தொடங்குவார். காஸ்டிக் சோடா ஆலை என்றால் ஒரு டன் காஸ்டிக்கோடு 0.89 டன் குளோரினும் 25 கிலோ ஹைட்ரஜனும் கட்டாயமாக வந்தே தீரும். குளோரினை வாங்குபவர் நிறுத்தினால் காஸ்டிக்கையும் குறைக்க வேண்டியதுதான். உப்பின் சமன்பாட்டை எழுதத் தெரிந்த யாரும் இதை வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிடலாம், ஆனால் கணக்கிட்டுவிட்டு வருபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

புத்தகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கல்லூரியில் வைத்திருந்த யூனிட் ஆப்பரேஷன்ஸ் புத்தகம் போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அதில் திரவ ஓட்டம், வெப்பமாற்றம், காய்ச்சி வடித்தல் ஆகிய மூன்று பகுதிகளையும் சமன்பாடுகளைத் தருவிக்கும் பக்கங்களை விட்டுவிட்டு, தீர்த்துக் காட்டிய கணக்குகளை மட்டும் பேனாவோடு போட்டுப் பாருங்கள். பால் ஆலையில் இல்லாதது காய்ச்சி வடிக்கும் கோபுரம்தான். அதனால் ரிஃப்ளக்ஸை, அதாவது கோபுரத்தின் உச்சிக்கே திருப்பி விடும் திரவத்தைக் கூட்டினால் தூய்மையும் ரீபாய்லர் சுமையும் என்னாகும், கோபுரத்தின் அழுத்த வேறுபாடு திடீரென ஏறினால் அது எதன் அறிகுறி, தட்டுகளில் திரவம் தங்காமல் சொட்டிப் போனால் எது குறைந்திருக்கிறது என்ற அளவுக்காவது தெளிவாக இருங்கள். கேஜ் அழுத்தத்தையும் அப்சல்யூட் அழுத்தத்தையும் குழப்பிக்கொள்வது நேர்காணலில் நான் பார்த்த மிகச் சாதாரணமான, மிக மோசமான பிழை. நம் ஆலைகளில் இன்னும் கிலோ பெர் ஸ்கொயர் சென்டிமீட்டரும் கிலோகலோரியும் டன் குளிர்ச்சியும் புழங்குவதால், ஒரு டன் என்பது மணிக்கு 3,024 கிலோகலோரி அல்லது 3.5 கிலோவாட் என்பது போன்ற மாற்றங்கள் தூக்கத்திலும் வர வேண்டும்.

பயோடேட்டாவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. "பாஸ்சரைசர் பிரிவின் பொறுப்பை வகித்தேன்" என்பதை அடித்துவிட்டு, எத்தனை லிட்டர் திறனுள்ள பிரிவு, அதில் எதை அளந்தீர்கள், எது எவ்வளவு மாறியது என்று எழுதுங்கள். சரிபார்க்க முடியாத எண்ணை எழுதாதீர்கள். "இந்த 8 சதவீதச் சேமிப்பை எப்படி அளந்தீர்கள்" என்ற கேள்வியில் பல பேர் கவிழ்ந்திருக்கிறார்கள். அதே சமயம் இப்போதிருக்கும் ஆலையின் வரைபடங்களின் நகலையோ லாக் ஷீட்டின் படத்தையோ கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். இங்கே ரகசியத்தைக் காப்பாற்றாதவர் நாளை நம் ரகசியத்தையும் காப்பாற்ற மாட்டார் என்று அந்தக் கணமே முடிவு செய்துவிடுவார்கள். நினைவிலிருந்து பொதுப்படையாக வரைவது வேறு, அதில் தவறில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. நானும் தமிழ் வழியில் படித்தவன்தான். தொழில்நுட்ப நேர்காணலில் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பது சின்னச் சின்ன வாக்கியங்களை, சரியான கலைச்சொற்களை, எண்ணோடு சேர்ந்த அலகை. அதனால் உங்கள் ஆலையின் படத்தை வரைந்துகொண்டே அதை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள், நாளுக்கு ஒரு முறை, பத்து நிமிடம். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் குறைவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்வதுதான் குறை. இடையில் குழுவில் ஒருவர் மலையாளத்துக்கு மாறினால் நீங்களும் தயங்காமல் மாறுங்கள். நம் கொழிஞ்சாம்பாறை மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும், அதைக் கேட்டு அவர்கள் சிரிக்கவும் செய்யலாம், ஆனால் இரவு ஷிஃப்டில் ஆப்பரேட்டரோடு அவர் மொழியில் பேசக்கூடிய எஞ்சினியர் என்பது அவர்களுக்கு ஒரு தகுதி. ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழ் பேசுபவர்கள் இருந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம்.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். உங்கள் எல்லை எங்கே என்று பார்ப்பதற்காகத்தான் கேள்வியை ஆழமாக்கிக்கொண்டே போகிறார்கள். எனவே ஓரிடத்தில் நின்றுபோவதைத் தோல்வி என்று எண்ணிக் கலங்க வேண்டாம். "இது எனக்குத் தெரியாது, ஆனால் கண்டுபிடிக்க வேண்டுமானால் இந்த இரண்டு அளவீடுகளை முதலில் எடுப்பேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு முறை ஒருவர் குளோரின் உலர்த்தும் கோபுரத்தைப் பற்றிய கேள்விக்கு ஐந்து நிமிடம் கற்பனையாகப் பேசினார். அந்தக் கோபுரத்தை வடிவமைத்தவர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்க ஏதாவது உண்டா என்று கடைசியில் கேட்பார்கள். சம்பளத்தை மனிதவளத் துறையிடம் பேசிக்கொள்ளலாம். இங்கே, குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்டு ஐ.டி. வரைபடங்களைக் கடைசியாக எப்போது ஆலையோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள், புதிதாகச் சேரும் எஞ்சினியர் முதல் ஆறு மாதம் ஷிஃப்டில் ஆப்பரேட்டர்களோடு இருப்பாரா என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்திலேயே அந்த ஆலையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். நேர்காணல் அன்று காலையில் பாலக்காட்டிலிருந்து ரயில் ஏறும் திட்டம் வேண்டாம். வண்டி தாமதமானால் அந்தப் பதற்றமே உங்களைத் தின்றுவிடும். முந்தைய நாளே ஆலுவாவுக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.

இப்போது முதல் வேலை. இந்த வார இரவு ஷிஃப்டில், பால் இறக்கும் இடத்திலிருந்து பாக்கெட் போடும் இயந்திரம் வரை குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்து, நான்கு தாள்களில் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஓட்டம், வெப்பநிலை, அழுத்தம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். வரைந்து முடித்ததும் வரவு செலவுக் கணக்கைப் போட்டு, உள்ளே வந்த பாலும் வெளியே போனதும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். முதல் தடவை நெருங்காது, இழப்பு எங்கே போகிறது என்று தேடும்போதுதான் ஆலை உங்களுக்குப் பிடிபடும். நீங்கள் குறிக்க மறக்கப்போவது ரீஜெனரேஷன் பகுதியின் இரண்டு பக்கத்து அழுத்தங்களாகத்தான் இருக்கும், ஆகவே அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.